பரணில் தூங்கும் பொருள், நம் கையில் பணம்

இந்த மாதப் பாடம்: வீட்டில் பயன்படாத பொருட்களை நாமே சந்தையில் விற்பது எப்படி?



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி நம் குழுக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். புதுத் தொழில் தொடங்குவது பற்றியும் பேசுகிறோம். ஆனால் ஏற்கனவே வீட்டில் இருக்கும் பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பரணில் ஒரு பித்தளை அண்டா, கட்டிலுக்கு அடியில் பிள்ளை வளர்ந்துவிட்டதால் ஓட்டாத சின்ன சைக்கிள், பீரோவில் இனி உடுத்தப்போவதில்லை என்று தெரிந்த புடவைகள், தொழுவத்தில் தண்ணீர் இறைத்த காலத்து இரும்புச் சாமான்கள். இவையெல்லாம் நம் உழைப்பில், நம் அம்மா அப்பா உழைப்பில் வந்தவை. இவற்றை என்ன விலைக்கு, யாரிடம், எப்படி விற்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு சந்தை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய புல்வெளியில் வரிசையாகக் கார்களை நிறுத்துவார்கள். கார் டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாத பாத்திரம், துணி, பொம்மை, புத்தகம் எல்லாவற்றையும் பரப்பி வைத்து விற்பார்கள். இடத்துக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். வசதியானவர்களும் வெட்கப்படாமல் செய்கிறார்கள். நம்மிடம் கார் இல்லை. ஆனால் வாரச் சந்தை இருக்கிறது. சென்னைப் பக்கம் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில் பழைய பொருட்கள் வாங்கவே தூரத்திலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். நம் ஊர்ச் சந்தையிலும் ஒரு சாக்கை விரித்து நாம் உட்காரலாம்.

வீட்டு வாசலில் நடப்பது என்ன?

நாங்கள் களப்பணிக்குப் போகும் ஊர்களில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. பகல் பதினொரு மணிக்கு வண்டியில் பாத்திரக்காரர் வருகிறார். "பழைய பித்தளை, செம்பு, துணிமணி எடுக்கிறது! புதுப் பாத்திரம், பிளாஸ்டிக் குடம் குடுக்கிறது!" வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரம். "சும்மா கிடக்கிறதுதானேக்கா, குடுத்துட்டு ஒரு பக்கெட்டு வாங்கிக்குங்க" என்கிறார். அண்டா போகிறது, பக்கெட் வருகிறது. மனசுக்குள் லாபம் என்றே தோன்றுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அண்டாவின் உண்மையான எடை 6 கிலோ. டவுன் பாத்திரக் கடையில் பழைய பித்தளை கிலோ 400 ரூபாய்க்கு எடுக்கிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அண்டாவின் மதிப்பு 2,400 ரூபாய்.

• வாசலில் தராசு காட்டும் எடை 5 கிலோ. போனது 400 ரூபாய்.
• வாசலில் சொல்லும் விலை கிலோ 250 ரூபாய். 5 கிலோவுக்கு 1,250 ரூபாய். போனது இன்னும் 750 ரூபாய்.
• அந்த 1,250 ரூபாய்க்குப் பதிலாகக் கொடுக்கும் பக்கெட், டப், டப்பாக்களின் கடை விலை 700 ரூபாய். போனது இன்னும் 550 ரூபாய்.

மொத்தம் 1,700 ரூபாய் நம் கையை விட்டுப் போய்விட்டது. எடையில் ஒரு முறை, விலையில் ஒரு முறை, மாற்றுப் பொருளில் ஒரு முறை என்று மூன்று இடத்தில் போகிறது. வண்டிக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் வெயிலில் அலைந்து பிழைக்கிறவர்கள்தான், நியாயமாக எடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் எடையும் விலையும் தெரியாமல் நாம் விற்றால், நஷ்டம் எவ்வளவு என்றுகூட நமக்குத் தெரியாது.

முதல் பாடம்: பொருளை அறிவது

செம்பு (தாமிரம்) சிவந்த நிறம். பித்தளை மஞ்சள் நிறம், செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, தட்டினால் மணி போல நீண்ட ஓசை வரும். பித்தளையைவிடச் செம்புக்கு விலை அதிகம். அலுமினியத்துக்குக் குறைவு. எல்லாவற்றையும் "பழைய பித்தளை" என்று ஒன்றாகப் போட்டு நிறுக்க விடக் கூடாது. தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

பாட்டி காலத்து ஈயச் சொம்பு இருந்தால் மிகவும் கவனம். ரசம் வைக்கும் நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது பித்தளை, செம்பு இரண்டையும்விட விலை உயர்ந்தது. "வெறும் ஈயம்தானே" என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு சின்னக் காந்தத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையிலும் செம்பிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்.

பழைய பட்டுப் புடவையும் இப்படித்தான். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அதனால்தான் கிழிந்த பட்டுப் புடவையையும் தேடி வந்து வாங்குகிறார்கள். அதைப் பழைய துணியோடு சேர்த்து டப்பாவுக்கு மாற்றாதீர்கள். டவுனில் இரண்டு கடையில் காட்டி விலை கேட்ட பிறகே விற்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: எடையை அறிவது

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 5 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்தால், கேனின் எடையும் சேர்ந்து 5 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்ட வேண்டும். 4 கிலோ என்று காட்டினால் அந்தத் தராசில் கோளாறு. "அண்ணே, முதல்ல இந்தத் தண்ணிக் கேனை நிறுத்துக் காட்டுங்க" என்று தைரியமாகக் கேட்கலாம். சண்டை போட வேண்டியதில்லை.

வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசும் எடைக்கல்லும் அரசு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் சொல்கிறது. நம் மாநிலத்தில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. மோசடி என்று தெரிந்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஒருவர் போவதைவிடக் குழுவாகப் போனால் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

மூன்றாம் பாடம்: எது நம்முடையது?

விற்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். மாமியார் பெயர் வெட்டிய குடத்தை அவரிடம் சொல்லாமல் விற்றால் வீட்டில் நிம்மதி போய்விடும். பிள்ளைகள் ஆசையாக வைத்திருக்கும் பொருளையும் அவர்களைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அதே சமயம், நம் தாய் வீட்டுச் சீராக வந்த பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் நம்முடையவை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெண்ணுக்கு வந்த சொத்து அவளுக்கே முழு உரிமை என்று சொல்கிறது. சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே நம் சீர்ப் பாத்திரத்தை நம்மைக் கேட்காமல் வேறு ஒருவர் விற்கவோ, அடகு வைக்கவோ கூடாது. வைத்திருப்பதா, விற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் நாம்தான்.

இன்னொன்று. பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்குள் பணம் வேண்டும் என்ற அவசரத்தில் பொருளை விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது. அவசரத்துக்குக் குழுவில் உள்கடன் இருக்கிறது. பொருளை நிதானமான காலத்தில் நாலு இடம் விசாரித்து விற்க வேண்டும்.

விற்கக் கூடாதவை

• அரசு முத்திரையுடன் இலவசமாக வந்த பொருட்கள். 2006 முதல் கொடுக்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சி, 2011 முதல் கொடுக்கப்பட்ட மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, பள்ளிப் பிள்ளைகளின் மடிக்கணினி போன்றவை குடும்பப் பயன்பாட்டுக்காகத் தரப்பட்டவை.
• ரேஷன் அரிசி, சர்க்கரை, பருப்பு.
• கேஸ் சிலிண்டர். இது கம்பெனியின் சொத்து, நாம் டெபாசிட் மட்டுமே கட்டியிருக்கிறோம்.
• பூச்சிமருந்து வந்த கேன், டப்பா. எவ்வளவு கழுவினாலும் தண்ணீருக்கும் தானியத்துக்கும் ஆகாது. வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.
• மிச்சமான மருந்து, மாத்திரை.
• ஒயர் பிய்ந்த இஸ்திரிப் பெட்டி, சேப்டி வால்வு கெட்ட குக்கர். பழுது பார்த்து விற்கலாம். முடியாவிட்டால் உலோகமாக எடைக்குப் போடலாம். "நல்லா ஓடுது" என்று பொய் சொல்லி விற்கக் கூடாது.

பழைய பெட்டி டிவியை உடைக்கக் கூடாது. அதன் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. செம்புக் கம்பி எடுப்பதற்காக ஒயரை எரிப்பதும் வேண்டாம். அந்தப் புகை நஞ்சு. அப்படியே முழுசாக மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

பழைய செல்போன் விற்றால் சிம் கார்டு, மெமரி கார்டு இரண்டையும் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் படம், எண்கள் எல்லாவற்றையும் அழித்த பிறகே கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் பெயரை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சந்தைக்கு முன் தயாரிப்பு

ஒரு வாரம் முன்பே சந்தைக்கு வெறும் கையோடு போய் வாருங்கள். தரைக்கடைக்குச் சுங்கம் எவ்வளவு, யார் வசூலிக்கிறார், ரசீது தருகிறார்களா, எந்த இடம் காலியாக இருக்கும், எத்தனை மணிக்குக் கூட்டம் வரும் என்று விசாரியுங்கள். ரசீது இல்லாமல் சுங்கம் கட்டாதீர்கள். வழக்கமாகக் கடை போடுகிறவரின் இடத்தில் போய் உட்கார்ந்தால் தகராறு வரும். பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் அவரே இடம் காட்டுவார்.

துணியைத் துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு மடியுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று இருக்கும், அரை மணி நேர வேலைதான். சைக்கிளுக்குக் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மிக்சி ஓடும் என்றால், பக்கத்துக் கடையில் ஒரு நிமிடம் கரண்ட் கேட்டு ஓட்டிக் காட்டுங்கள். அழுக்காக இருந்தால் குப்பை விலைக்குத்தான் கேட்பார்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது புத்தகப் பை, சைக்கிள், சீருடை, ஜியாமெட்ரி பாக்ஸ் போகும். பொங்கலுக்கு முன் பாத்திரம் போகும். போகி அன்று பழைய துணி, பாய், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் போட்டு எரிக்கிறோமே, அதில் நல்லதைப் பிரித்து மார்கழியிலேயே விற்றுவிட்டால் புகையும் குறையும், பொங்கல் செலவுக்குக் காசும் ஆகும்.

விலை வைப்பது

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விலை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, நாம் சொல்லும் விலை. இரண்டு, நாம் எதிர்பார்க்கும் விலை. மூன்று, இதற்குக் கீழே தர மாட்டோம் என்ற விலை. உதாரணமாகச் சின்ன சைக்கிளுக்கு 1,200, 1,000, 800 என்று எழுதலாம். மூன்றாவது விலையை நோட்டில் மட்டும் எழுதுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

புதிதாகக் கடையில் என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பாத்திரம், சைக்கிள், மேசை நாற்காலிக்குப் புது விலையில் பாதிவரை கேட்கலாம். உடுத்திய துணிக்கு கால் பங்கு கிடைத்தாலே நல்ல விலை. உலோகத்துக்கு மட்டும் கணக்கு வேறு. பித்தளை அண்டா எவ்வளவு பழசானாலும் அதன் எடை விலைக்குக் கீழே போகவே கூடாது.

சந்தை அன்று

1. விடியும்போதே போய்விடுங்கள். சாக்கு அல்லது தார்ப்பாய், துணி தொங்கவிடக் கயிறு, பழைய செய்தித்தாள், பைகள், குடிதண்ணீர், சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. சில்லறை முக்கியம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகவும் நாணயமாகவும் ஒரு 500 ரூபாய் இருக்கட்டும். சுருக்குப் பையில் போட்டு இடுப்பிலேயே வையுங்கள். பெட்டியில் வைக்காதீர்கள்.

3. கட்டாயம் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் பொருளையும் பணத்தையும் பார்ப்பார். மூன்று நாலு பேர் சேர்ந்து வந்து ஒரே நேரத்தில் விலை கேட்டால் கூடுதல் கவனம் தேவை.

4. மூட்டையைப் பிரிக்கும்போதே வியாபாரிகள் வந்துவிடுவார்கள். "எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிறேன், ஒரு ரேட்டு சொல்லும்மா" என்பார்கள். அவசரப்படாதீர்கள். எல்லாவற்றையும் பரப்பி முடிக்கும்வரை எதையும் விற்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஓடி வருவதிலிருந்தே பொருளுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிகிறது அல்லவா?

5. முதல் போணிக்கு ஐந்து பத்து குறைத்துக் கொடுக்கலாம். ஒரு பொருள் விற்றால் கூட்டம் நிற்கும். ஆனால் போணி என்று சொல்லி அண்டாவைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு டம்ளரையோ கரண்டியையோ போணி பண்ணுங்கள்.

6. செல்போனில் பணம் அனுப்புகிறேன் என்றால், நம் போனுக்குச் செய்தி வந்து, கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். அவர் போனில் காட்டும் படத்தை நம்பக் கூடாது. பணம் வாங்குவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் நம்பர் போடச் சொன்னால் அது நம் பணத்தை எடுக்கும் வழி. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

7. குறை இருந்தால் சொல்லி விற்கவும். "பிடி கொஞ்சம் ஆடும்க்கா, அதனாலதான் இந்த விலை." இப்படிச் சொன்னால் அடுத்த வாரமும் அவர் நம்மிடம் வருவார்.

8. சாயங்காலம் மிஞ்சிய துணியைச் சுமந்து வர வேண்டியதில்லை. கொடுக்கும் விலைக்குக் கொடுக்கலாம், தேவைப்பட்டவருக்குச் சும்மாவும் கொடுக்கலாம். உலோகத்தை மட்டும் திருப்பி எடுத்து வாருங்கள். அது கெட்டுப்போகாது.

"பழசை விக்கிறோம்னா ஊரு என்ன சொல்லும்?"

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது. "குடும்பம் நொடிஞ்சு போச்சு போல" என்று பேசுவார்கள் என்ற பயம். அதனால்தான் வாசல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, வண்டிக்காரர் கேட்ட விலைக்கு அவசரமாகக் கொடுத்து அனுப்புகிறோம். 1,700 ரூபாய் நஷ்டத்துக்கு இந்த வெட்கமும் ஒரு காரணம். தனியாகப் போனால்தான் பேச்சு வரும். பத்துப் பேர் குழுவாகப் போனால் அது விற்பனை. வேண்டுமானால் முதல் முறை பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போங்கள்.

குழுவாகச் செய்யும் முறை

பத்து உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே இடம் பிடித்தால் சுங்கமும் வண்டி வாடகையும் பத்தாகப் பிரியும். ஊக்குநரும் பிரதிநிதியும் இப்படி ஏற்பாடு செய்யலாம்:

• ஒவ்வொரு பொருளிலும் நூலில் கட்டிய சீட்டில் ஒரு நம்பர்.
• நோட்டில் ஐந்து பத்தி: நம்பர், பொருள், உறுப்பினர் பெயர், குறைந்தபட்ச விலை, விற்ற விலை.
• பொருள் தன்னுடையதுதான் என்று உறுப்பினர் கையெழுத்து. யாரோ கொடுத்தனுப்பியதை, எங்கிருந்து வந்தது என்று தெரியாததை ஏற்க வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்தால் வழக்கு நம் மேல் வரும்.
• செலவுக்கும் குழுவுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.
• விற்பனை முடிந்த அன்றே எல்லோர் முன்னிலையிலும் பணம் எண்ணிப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

பொருளை எடைக்குப் போடுவதாக இருந்தாலும் சேர்ந்தே போடலாம். ஒருவரிடம் 3 கிலோ, பத்துப் பேரிடம் 30 கிலோ. 30 கிலோ வைத்திருக்கிறோம் என்றால் டவுன் கடைக்காரரும் உட்கார வைத்துப் பேசுவார். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, அதிகம் தருபவருக்குப் போடலாம்.

பணம் யார் கையில்?

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். பரணில் இருக்கும்வரை அண்டாவை யாரும் கேட்பதில்லை. பணமாக மாறிவிட்டால் கேட்க நாலு பேர் வருவார்கள். ஆகவே விற்பதற்கு முன்பே இந்தப் பணம் எதற்கு என்று முடிவு செய்துவிடுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணமா, கந்துக் கடனை அடைப்பதா, இரண்டு ஆட்டுக்குட்டி வாங்குவதா? வீட்டிலும் அதை முன்பே பேசிவிடுங்கள். விற்ற மறுநாளே நம் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். அம்மா கொடுத்த அண்டா பக்கெட்டாக மாறி ஒரே வருஷத்தில் உடைந்து போவதற்கும், ஆட்டுக்குட்டியாக மாறிப் பெருகுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

விற்றே ஆக வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அம்மாவின் நினைவாக ஒரு குடத்தை வைத்துக்கொள்ள மனசு சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தாலும் விற்றாலும் அதன் எடையும் மதிப்பும் நமக்குத் தெரிந்திருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் விவாதிக்க

1. நம் ஊரில் கடைசியாக யார் பழைய பாத்திரம் விற்றார்? எடை என்ன, கிடைத்தது என்ன? மேலே உள்ளதுபோல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.
2. நம் சீர்ப் பாத்திரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? அவற்றை விற்கும் முடிவை யார் எடுக்கிறார்கள்?
3. நம் ஊருக்குப் பக்கத்தில் எந்தெந்தக் கிழமை எங்கே சந்தை? சுங்கம் எவ்வளவு?

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு உறுப்பினரும் பரண், பீரோ, கட்டிலடி மூன்றையும் பார்த்து, ஒரு வருஷமாகத் தொடாத பொருட்களைப் பட்டியல் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் உதவட்டும். ஒருவர் டவுனுக்குப் போய்ப் பித்தளை, செம்பு, அலுமினியம், இரும்பு நாலுக்கும் அன்றைய விலையை இரண்டு கடையில் கேட்டு வரட்டும். அந்த விலையைக் கூட்டம் நடக்கும் இடத்தில் சுவரில் எழுதிப் போடுங்கள். அடுத்த முறை வண்டிச் சத்தம் கேட்கும்போது, வாசலுக்குப் போகும் முன் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்.

எடை அறிவோம்! விலை அறிவோம்! பிறகு விற்போம்!